எல்லைக்கல்லைப் பிடுங்குமுன்: மாநகரோடு இணைவதா என்று பேசும் சிறு பட்டினங்களின் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களே, சபை உறுப்பினர்களே, கோயில், பள்ளிவாசல் நிருவாகத்தினரே, மீனவர், விவசாயச் சங்கத்தினரே,

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய மூன்று மாநகர எல்லைகளையும் அண்டி வாழும் சிறு பட்டினங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழும். குப்பை தேங்கினால் எழும், மாரி வெள்ளம் வாசலுக்கு வந்தால் எழும், தேர்தல் கிட்டினால் இன்னும் பலமாக எழும்: “பேசாமல் மாநகர சபையோடு சேர்ந்துவிட்டால் என்ன?” சேர்ந்தால் ஊர் அழிந்துவிடும் என்று ஒரு பக்கமும், சேர்ந்தால்தான் ஊர் நிமிரும் என்று மறுபக்கமும் கத்திவிட்டுக் கலைந்து போவதுதான் வழக்கம். அந்தச் சத்தத்தில் கணக்கு காணாமற் போகிறது. உள்ளூராட்சி வேலையை மேசையிலும் வீதியிலும் அறிந்தவர்கள் நாங்கள். அந்தக் கணக்கை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்கிறோம். இணைப்பது எளிது, பிரிப்பது மிக மிகக் கடினம். இதற்குச் சாட்சி தூரத்தில் இல்லை. கல்முனைப் பட்டின சபையும் கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் ஒரு காலத்தில் தனித்தனியே இருந்தவை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்துக்குப் பிறகு அவற்றின் பகுதிகளெல்லாம் ஒரே சபையாகின. 2001 இல் அது மாநகர சபையானது. கரைவாகு தெற்கான சாய்ந்தமருது தனக்கென ஒரு சபை வேண்டும் என்று ஆண்டாண்டாகக் கேட்டது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கான வர்த்தமானி வெளியானது. அதே மாதத்திலேயே அது இடைநிறுத்தப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதி நாட்டில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது கல்முனை மாநகர சபைக்குத் தேர்தல் நடக்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று இங்கே நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. சேரும்போது பிரிவதற்கான விதி எழுதப்படாவிட்டால் என்ன நடக்கும் என்பதை மட்டும் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பெரிய பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டதையும் மறக்கவில்லை. முடியாத காரியமல்ல. ஆனால் அதற்கு மலையகத்தில் எத்தனை காலம் குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

யார் முடிவெடுப்பது என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி உள்ளூராட்சியை மேற்பார்வை செய்வது மாகாண சபை. ஆனால் ஒரு சபையின் அமைப்பும் வடிவமும் பாராளுமன்றச் சட்டத்தால் தீர்மானிக்கப்படுவன. எல்லையை மாற்றும் கட்டளை அமைச்சரின் கையொப்பத்தோடு வர்த்தமானியில் வரும். ஊரவர் வாக்களித்து ஒப்புதல் தரும் படி ஒன்றும் அதில் கிடையாது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்த பிறகு மாகாண மட்டத்தில் தெரிவு செய்யப்பட்ட சபையும் இல்லை. ஆகவே உங்கள் சபை நிறைவேற்றும் தீர்மானமும் அதில் நீங்கள் எழுதும் வாசகமும்தான் ஊரின் குரலாக எழுத்தில் நிற்கப் போகின்றன. “இணைய விரும்புகிறோம்” என்று ஒற்றை வரியில் தீர்மானம் போட்டு உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு அனுப்பிவிட்டால், அதற்குப் பிறகு நிபந்தனை பேச உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

இணைந்தால் மாறாதவை எவை என்பதையும் ஊருக்குச் சொல்லிவிடுங்கள், பாதிச் சண்டை அதிலேயே அடங்கும். கிராம உத்தியோகத்தர் பிரிவு மாறாது. பிரதேச செயலகம் மாறாது. காணி உத்தரவுப் பத்திரமும் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் அங்கேயேதான். குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம், மின்சாரம் அதற்கென உள்ள நிறுவனத்திடம், ஏ-4 பிரதான வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். கடற்கரையில் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், எந்தச் சபையாக இருந்தாலும். மாநகரோடு சேர்ந்தால் வீட்டுக்கு வீடு குழாய் வரும் என்று யாராவது மேடையில் சொன்னால், அதைத் தருவது மாநகர சபையல்ல என்று அந்த மேடையிலேயே சொல்லுங்கள்.

மாறுபவை: உள்வீதிகள், வடிகான், தெருவிளக்கு, குப்பை, சந்தை, மயானமும் மையவாடியும், நூலகம், கட்டட அனுமதி, வரி.

வரியிலிருந்து தொடங்குவோம். பிரதேச சபை எல்லைக்குள் ஆதன வரி, அதாவது ஊர்வாயில் சோலைவரி, எல்லா வளவுக்கும் கிடையாது. அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களில் மட்டுமே அறவிடலாம். மாநகர எல்லைக்குள் போய்விட்டால் அந்தத் தடுப்பு இல்லை. எல்லைக்குள் இருக்கும் அசையா ஆதனம் எல்லாம் வரி வலைக்குள் வரலாம். வரி எப்படிக் கூடும் என்பதில்தான் சனம் ஏமாறுகிறது. எல்லோரும் வீதத்தையே பார்க்கிறார்கள். வீதம் பாதிக் கணக்குத்தான். மற்றப் பாதி விலைமதிப்புத் திணைக்களம் போடும் வருடாந்தப் பெறுமதி, அதாவது ஆதனத்தின் வருட வாடகைப் பெறுமதி. உதாரணத்துக்கு, ஒரு வீட்டின் வருடாந்தப் பெறுமதி 30,000 ரூபாய், வீதம் 4 என்றால் வரி 1,200. வீதம் 8 ஆனால் 2,400. நகரம் விரிந்து, மறுமதிப்பீடு நடந்து, பெறுமதி 60,000 ஆனால் அதே 8 வீதத்தில் 4,800. வீதத்தை மட்டும் ஐந்து வருடத்துக்குக் கூட்ட மாட்டோம் என்று வாக்குறுதி தந்தால், பெறுமதி வழியாக வரி ஏறும். இரண்டையும் சேர்த்துக் கட்டும் வாசகம் வேண்டும். வரியை நான்கு காலாண்டாகக் கட்டலாம். முழு வருடத்துக்கும் ஜனவரி 31 க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைப்பது வழமை. மேற்சொன்ன 4,800 இல் 480 மிச்சம். கட்டாமல் விட்டால் வரி அறவிடும் ஆணைச் செலவும் சேரும். இவற்றைத் துண்டுப்பிரசுரமாக அடித்து வீடு வீடாகக் கொடுக்கலாம். கடைக்கு வேறு வீதம், வீட்டுக்கு வேறு வீதம் போடும் வழக்கம் உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், வீட்டு முன்னறையில் சில்லறைக் கடை வைத்திருப்பவர்கள் இங்கே அதிகம்.

அடுத்தது வளவு. எங்கள் பார்வையில் இதுதான் இந்த மண்ணுக்கே உரிய சிக்கல், ஆனால் எந்தக் கூட்டத்திலும் பேசப்படாதது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழர், முஸ்லிம்கள் இரு பகுதியினரும் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கட்டிக்கொடுக்கிறார்கள். தாயின் வளவு பிள்ளைகளுக்குத் துண்டாகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் ஒழுங்குவிதிப்படி குறைந்த பட்சத் துண்டு 150 சதுர மீற்றர், ஏறத்தாழ 6 பேர்ச். 12 பேர்ச் வளவை இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பிரித்தால் காகிதத்தில் 6, 6 என்று சரியாக வரும். பின்வளவுக்குப் பாதை விட்டவுடன் ஒரு துண்டு 6 க்குக் கீழே போய்விடும். பிரிப்புப் படம் அங்கீகரிக்கப்படாது. அங்கீகாரம் இல்லாவிட்டால் கட்டட அனுமதி இழுபடும், வங்கிக் கடன் இழுபடும். இந்த விதி மாநகருக்கு மட்டும் உரியதல்ல. சில பிரதேச சபைப் பகுதிகளும் ஏற்கெனவே அந்த அதிகார சபையின் நகர அபிவிருத்திப் பகுதிப் பிரகடனத்துக்குள் இருக்கின்றன. ஆகவே உங்கள் ஊரில் எந்த ஒழுங்கை வரை பிரகடனம் வருகிறது, இணைந்தால் எந்த ஒழுங்கை புதிதாக உள்ளே போகிறது என்று வரைபடத்தில் கோடு கீறிக் காட்டச் சொல்லுங்கள். இணைவதற்கு முன் பிரிக்கப்பட்டு வீடு கட்டி வசிக்கும் துண்டுகளின் பட்டியலைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கொண்டு எடுத்து, சபைத் தீர்மானத்தோடு பதிந்து வையுங்கள். பட்டியல் இல்லாத ஊரில், பத்து வருடம் கழித்து ஒரு தாய் மகளுக்கு எழுதிக்கொடுக்கப் போகும்போதுதான் பிரச்சினை தெரியவரும்.

பணம் வரும் வழிகளைப் பார்ப்போம். சோலைவரியைவிடப் பெரிய வருமானம் சில ஊர்களுக்கு முத்திரைக் கட்டணம். எல்லைக்குள் காணி கைமாறும்போது அறவிடும் முத்திரைக் கட்டணம் மாகாண சபை ஊடாக அந்த ஊர்ச் சபைக்குத் திரும்பும். நீதிமன்றத் தண்டப்பணமும் அப்படியே. சந்தைக் குத்தகை, மீன் வாடிக் குத்தகை, வியாபார உரிமக் கட்டணம், விளம்பரப் பலகைக் கட்டணம் எல்லாம் இப்போது உங்கள் சபை நிதிக்குள் விழுகின்றன. இணைந்த மறுநாள் இவை மாநகர நிதிக்குள் விழும். எவ்வளவு போகிறது, எவ்வளவு திரும்பும் என்று ஒரு தாளில் எழுத முடியாத இணைப்புக்குக் கையொப்பம் வைக்க வேண்டாம். கடந்த ஐந்து வருடத்தின் இறுதிக் கணக்கை எடுத்து, தலைப்பு வாரியாக வருமானத்தை ஒரு நிரலிலும் உங்கள் எல்லைக்குள் செய்த வேலைச் செலவை மறு நிரலிலும் எழுதுங்கள். சம்பளத்தை வேறாக வையுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்கான பணம் வேறு வழியால் வருகிறது. அமைய (தற்காலிக) ஊழியர் சம்பளம்தான் சொந்த நிதியைத் தின்னும்.

கடனும் கைமாறும் என்பதை மறந்துவிடாதீர்கள். மாநகர சபை உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியத்தில் கடன் எடுத்திருக்கிறதா, ஒப்பந்தகாரருக்கு எவ்வளவு பாக்கி, ஊழியர் சேமலாப நிதியில் நிலுவை உண்டா, மின்பட்டியல் நிலுவை எவ்வளவு, வழக்குகள் எத்தனை? கணக்காய்வாளர் நாயகத்தின் வருடாந்த அறிக்கையில் இவற்றில் பெரும்பாலானவை இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

சொத்துப் பதிவேட்டை இப்போதே திருத்தி எழுதுங்கள். கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981 இல் ஒழிந்து மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன. அவையும் போய்ப் பிரதேச சபைகள் வந்தன. இத்தனை கைமாற்றத்தில் சந்தை வளவு, மயானம், நூலகக் காணி, கிணற்றடி என்று பல துண்டுகள் இன்னும் பழைய கிராம சபையின் பெயரிலேயே கிடக்கின்றன, சிலவற்றுக்கு உறுதியே இல்லை. இணைப்புக் குழப்பத்தில் முதலில் தொலைவது இத்தகைய காணி. காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, நில அளவைப் படத்தோடு ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு திறக்க வேண்டும். வாகனங்களுக்கும் அப்படியே: இலக்கம், எந்த நிதியில் வாங்கியது, எங்கே தரித்து நிற்கும் என்பது வரை. உழவு இயந்திரம் மாநகரத் தலைமைத் தரிப்பிடத்துக்குப் போய்விட்டால், காலையில் அது முதலில் போகும் தெரு உங்கள் தெருவாக இராது.

குப்பைக்கு வருவோம். கிழக்கே கடல், மேற்கே வயலும் வாவியும், நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிய ஒடுங்கிய மணல்நிலம். குப்பை கொட்ட இடமில்லாத ஊர்கள் இவை. மட்டக்களப்பு மாநகரின் குப்பைக்கு முன்பு திருப்பெருந்துறை, பிறகு ஏறாவூர்ப்பற்றின் கொடுவாமடு என்று இடம் தேட வேண்டியிருந்தது. அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்த செய்தி 2022 இல் உலகமெங்கும் போனது. ஒரு மாநகரம் பக்கத்து ஊரை நோக்கும்போது அதன் கண்ணில் முதலில் படுவது வெறுங்காணிதான் என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். இணைப்புத் தீர்மானத்தில் எந்தக் காணியில் குப்பை கொட்டப்படாது என்று துண்டு இலக்கத்தோடு எழுதுங்கள்.

சேகரிப்பிலும் தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். உங்களிடம் இரண்டு உழவு இயந்திரம், ஒவ்வொன்றும் நாளுக்கு மூன்று நடை ஓடுகிறது என்று வையுங்கள். கொட்டுமிடம் இன்னும் 10 கிலோமீற்றர் தள்ளிப் போனால் போய்வர 20 கிலோமீற்றர் கூடும். பெட்டி நிறைந்த இயந்திரம் மணிக்கு 20 கிலோமீற்றரில்தான் ஓடும். ஒரு நடைக்கு ஒரு மணிநேரம் கூடுதல். மூன்று நடை இரண்டாகும். ஆறு பெட்டி போன இடத்தில் நான்கு போகும், மூன்றில் ஒரு பங்கு ஒழுங்கைகளில் அன்று குப்பை எடுபடாது. மாநகர ஆணையாளர் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கணக்கு அப்படி. தரம் பிரிக்காத குப்பையில் சோற்று ஈரமும் பொலித்தீனும் கலந்தால் பசளையும் ஆகாது, எடையும் கூடும். மீன்சந்தைக் கழிவை அன்றைக்கே எடுக்காவிட்டால் மறுநாள் காகமும் நாயும் கிணற்றடிக்குக் கொண்டு வரும். அதற்குத் தனி வண்டி, தனி நேரம் வேண்டும். இணைந்தாலும் இணையாவிட்டாலும் இதை உடனே செய்யலாம்.

இணைவதற்கு வலுவான நியாயம் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையல்ல. அது வெள்ளம். கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் சபை எல்லை பார்த்து ஓடுவதில்லை. நிலம் தட்டை, சரிவு கிடைப்பது அரிது. மேல்பக்கச் சபை தன் எல்லை வரை கொங்கிறீட் வடிகான் கட்டி நிறுத்தினால், அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ்பக்கச் சபையின் முதல் ஒழுங்கையில் விழும். வடிகான் எங்கே முடியும், தண்ணீரைக் கடலுக்கு விட ஆற்றுவாய் எப்போது வெட்டப்படும், ஏ-4 வீதிக்குக் கீழுள்ள மதகின் அடிமட்டம் எவ்வளவு என்று மூன்றையும் ஒன்றாகப் பார்க்காத வடிகான் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தொட்டியாகும். ஒரே சபையாக இருந்தால் ஒரே மட்ட அளவீடு, ஒரே திட்டம் சாத்தியம். ஆனால் அதற்கு எல்லைக்கல்லைப் பிடுங்கத்தான் வேண்டுமா? இரண்டு சபைகளும் தீர்மானம் எடுத்து, செலவுப் பங்கும் துப்புரவு நாட்களும் எழுதிய உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொள்ளலாம். எங்கள் அபிப்பிராயம், முதலில் ஒரு மாரிக்கு இந்த உடன்படிக்கையை நடத்திப் பாருங்கள் என்பதே. ஒரு வடிகானைச் சேர்ந்து துப்புரவு செய்ய முடியாத இரண்டு சபைகள் ஒன்றாகிச் சாதிக்கப் போவது என்ன என்று அந்த ஒரு மாரியிலேயே தெரிந்துவிடும்.

தீயணைப்பு வண்டி, மலக்குழிக் கழிவை உறிஞ்சும் கலி பவுசர், விளக்குக் கம்பத்துக்கு ஏறும் தூக்கி வண்டி ஆகியவற்றிலும் மாநகரம் கைகொடுக்கும். இவற்றையும் கட்டண உடன்படிக்கையில் பெறலாம். உப்புக்காற்றில் தெருவிளக்கின் தாங்கியும் இணைப்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். எந்தக் கம்பம் எப்போது மாற்றியது என்ற பதிவு உங்கள் மின்னியலாளரின் தலையில் மட்டும் இருக்கிறதென்றால் இன்றைக்கே கொப்பியில் ஏற்றுங்கள்.

ஆசனக் கணக்கு எல்லோருக்கும் ஆசையான இடம், சுருக்கமாகச் சொல்கிறோம். இப்போதைய கலப்பு முறையில் 60 வீதம் வட்டாரத்தால், 40 வீதம் பட்டியலால், பெண்களுக்கு 25 வீதம். இன்று உங்கள் சபையில் 15 பேர் என்று வையுங்கள், 15 பேரும் உங்கள் ஊரார். நாளை 40 பேர் சபையில் சனத்தொகைப்படி ஐந்தில் ஒரு பங்கு என்றால் 8 பேர். அந்த எட்டுப் பேரும் ஒரே கட்சியல்ல. வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் அவர்கள் எட்டுத் திசையில் நின்றால் ஊருக்கு ஒரு குரலும் இல்லை.

இனக் கணக்கையும் மூடிவைத்துப் பேச முடியாது. புட்டும் தேங்காய்ப்பூவும் போல அடுத்தடுத்து அமைந்த ஊர்கள் நம்முடையவை. எல்லை என்றவுடன் யாருக்குப் பெரும்பான்மை என்ற கேள்வி எழும், அது இயல்பான அச்சம். அந்த அச்சத்தைப் பழிக்காமல் அதற்கு எழுத்தில் பதில் தேடுங்கள். கலப்பு வட்டாரங்களுக்குப் பல அங்கத்தவர் வட்டாரம் என்ற வழி சட்டத்தில் உண்டு. மயானம், மையவாடி, சந்தை நாட்கள், திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் தண்ணீர்ப் பவுசர் ஆகியவை இன்று எந்த வழக்கப்படி நடக்கின்றனவோ அந்த வழக்கத்தை இரு பகுதியினரும் கூடியிருந்து எழுதி, அதை இணைப்பு ஆவணத்தின் பகுதியாக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு தகவலும் எங்கே கிடைக்கும்? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு சபையிலும் தகவல் அலுவலர் இருக்கிறார். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு ஒரு அலுவலர், அதற்கும் மேலே ஆணைக்குழு. “எல்லா விபரமும் தாருங்கள்” என்று கேட்டால் ஒன்றும் வராது. ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பதிவேடு என்று கேளுங்கள். மாநகர சபைக்கும் உங்கள் சபைக்கும் ஒரே கேள்வியை ஒரே நாளில் அனுப்பினால் ஒப்பிடலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் இணைவதே நல்லது என்று உங்கள் ஊர் முடிவு செய்தால், தீர்மானம் இப்படி இருக்கட்டும்:

“இச்சபை, பின்வரும் நிபந்தனைகள் இரு சபைகளாலும் எழுத்தில் ஏற்கப்பட்ட பின்னரே எல்லை மாற்றத்துக்கு உடன்படும். (அ) இணைந்த நாளிலிருந்து ஐந்து வருடங்களுக்கு இப்பகுதியில் எந்த ஆதனத்தினதும் வரித் தொகை, வீதத்தாலோ மறுமதிப்பீட்டாலோ, இணைவதற்கு முந்திய தொகையிலிருந்து வருடத்துக்கு 10 வீதத்துக்கு மேல் கூட்டப்படலாகாது. (ஆ) இப்போதைய சபைக் கட்டடம் நிரந்தர உப அலுவலகமாக இயங்கும்; வரிக் கொடுப்பனவு, கட்டட விண்ணப்பம், முறைப்பாடு ஆகியன அங்கேயே கையேற்கப்படும்; இரண்டு உழவு இயந்திரங்கள் அங்கேயே தரித்து நிற்கும். (இ) இப்பகுதியிலிருந்து வரும் முத்திரைக் கட்டணமும் சந்தைக் குத்தகையும் தனிக் கணக்கில் காட்டப்பட்டு, அதன் விபரம் ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 க்கு முன் உப அலுவலக அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். (ஈ) இணைப்பு அட்டவணையில் குறித்த காணிகளில் குப்பை கொட்டப்படலாகாது. (உ) இரண்டு சபைத் தவணைகள் முடிந்தபின், இப்பகுதி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கேட்டால், தனிச் சபைக்கான விதப்புரையை மாநகர சபை எதிர்ப்பின்றி அமைச்சுக்கு அனுப்பும்.”

(உ) அமைச்சரின் கையைச் சட்டப்படி கட்டாது. அது எங்களுக்குத் தெரியும். ஆனால் நாளை ஒரு வழக்கு வந்தால், இரு சபைகளும் கையொப்பமிட்ட தாள் ஒன்று நீதிமன்ற மேசையில் இருக்கும். மாநகர சபை மற்றெல்லாவற்றையும் ஏற்று (உ) வை மட்டும் வெட்டச் சொன்னாலும், வெட்டிக் கொடுக்காதீர்கள்.

அன்போடும் அக்கறையோடும்,
உள்ளூராட்சி வேலை அறிந்த உங்கள் அயலூரார் சிலர்